என்னைக் கொடுத்து வாங்கிய முதல் தெரிவு

என்னையும் எங்கள் கோல் கீப்பரையும் கொடுத்துத்தான் அந்தப் பெடியனை எங்கள் கழகம் வாங்கியது. அவனை வாங்கத்தான் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடியவனும் நான்தான். என்னோடு கூடப் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். எழுத உட்கார்ந்தால் அப்படிப் போக முடியவில்லை.

இங்கே ஜேர்மனியில், ரூர் பக்கத்து நகரங்களில், கோடை முழுக்க எங்கள் ஆட்களின் உதைபந்தாட்டம் நடக்கும். அணிகளுக்கு இந்த நகரங்களின் பெயர் கிடையாது. எல்லாம் ஊர்ப் பெயர்தான். டோர்ட்முண்டில் பிறந்து இலங்கையைக் கண்ணாலும் காணாதவன் தகப்பனின் ஊருக்கு விளையாடுவான். ஆறு ஊர்களுக்கு ஆறு கழகங்கள் இருந்தன. தன் ஊருக்குக் கழகம் இல்லாதவன், மன்னாரிலிருந்து வந்தவன், இந்தியாவிலிருந்து படிக்க வந்தவன் எல்லோரும் ‘பொது’. பங்குனி பிறந்ததும் ஆறு கழகங்களும் ஒரு மண்டபத்தில் கூடி, பொதுவில் நிற்பவர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும்.

முந்தி சீட்டுக் குலுக்கித்தான் முறை வைத்தார்கள். அதை மாற்றியவர் எங்கள் பொருளாளர். அவருடைய மச்சான் ஒருவர் ரொறொன்ரோவில் அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியமாக இருந்தார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் முட்டி விழுத்தும் விளையாட்டு. மச்சான் தொலைபேசியில் சொன்னதையெல்லாம் பொருளாளர் எங்களுக்கு வந்து ஒப்பிப்பார்.

“அங்கை கடைசியா வந்த ரீம்தான் முதல் ஆளை எடுக்கும். அப்பதானே அடுத்த வருசம் எழும்பும்? உனக்கு முன்னுக்கு எடுக்க வேணுமெண்டா, முன்னுக்கு நிக்கிறவனுக்கு உன்ரை ஆக்களைக் குடுத்து இடத்தை மாத்தலாம்.”

நியாயமாகத்தான் பட்டது. ஆறு கழகங்களும் ஒத்துக்கொண்டன. எங்கள் தலைவர் ஒரேயொரு திருத்தம் சேர்த்தார். இடம் மாற்றுவதற்குப் பொதுவில் வந்தவர்களை மட்டுமே கொடுக்கலாம். ஊர்ப் பெடியளைக் கொடுக்க ஏலாது.

“ஊரைக் குடுத்துப்போட்டு என்னத்தை வெல்லுறது?” என்று அவர் கேட்டபோது மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

எனக்கும் அந்த ஊர்தான். அங்கேதான் பிறந்தேன். பள்ளிக்கூட வயதில் அம்மாவோடு விமானமேறி, இங்கே ஏற்கெனவே வந்திருந்த அப்பாவோடு சேர்ந்துகொண்டேன். ஆனால் எங்கள் வீடு ஊரின் நடுவில் இருக்கவில்லை. தோட்டங்கள் முடிந்த பிறகு, சுடலைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. அப்பா, தலைவரின் தகப்பனாருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். தோட்டத்துக்கும் கழக மைதானத்துக்கும் நடுவில் ஒரு வேலி. பந்து வேலிக்கு மேலால் வந்து புகையிலைக்குள் விழும். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு வெறுங்காலால் திருப்பி அடிப்பார்.

“ஒருக்கா நான் அடிச்சது நேரா கோலுக்குள்ளை போட்டுது” என்று சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் வா என்று ஒருவரும் ஒருநாளும் கூப்பிடவில்லை என்பதை அவர் சொல்வதில்லை. அதை அம்மாதான் சொன்னா.

அதனால், நெஞ்சில் ஊர்ப் பெயர் எழுதிய நீல ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நான் முதல்முறை மைதானத்தில் இறங்கிய அன்று, உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பா வந்தார். அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. பெரிய பிளாஸ்க் ஒன்றில் இஞ்சி போட்ட ரீ கொண்டுவருவார். பெடியள் பிளாஸ்க்கைச் சுற்றி நின்று, காகிதக் கோப்பை முடிந்தால் மூடியிலும் ஊற்றிக் குடிப்பார்கள். பெரியவர்களுக்கும் நீட்டுவார். “இப்பதான் குடிச்சனான்” என்பார்கள். எல்லோரும் வீட்டில் குடித்துவிட்டு வருகிறவர்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் கரைச்சல். ஆஹெனில் இயந்திரவியல் படிக்க இடம் கிடைத்ததும் கழகத்தில் என்னை ‘எஞ்சினியர்’ ஆக்கிவிட்டார்கள். நகரசபையிடம் மைதானம் கேட்டு அன்ட்றாக் என்கிற விண்ணப்பம் எழுதுவது, காயம்பட்டவனைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய் ஜேர்மனில் பேசுவது, எல்லாம் என் தலையில். எனக்கு அது பாரமாகவே தெரியவில்லை. சனி ஞாயிறுகளில் ஆஹெனிலிருந்து ரயிலேறும்போது என் பையில் ஒருபக்கம் பாடப் புத்தகம், மறுபக்கம் நீல ஜேர்சி. எது முக்கியம் என்று யாராவது கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். நான் லெஃப்ட் பக், இடது பக்கத்தில் நின்று மறிக்கிறவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் என் பக்கத்தால் ஒருவனும் லேசில் போனதில்லை.

முந்தின வருடம் நாங்கள் இரண்டாவதாக வந்திருந்தோம். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். அதனால் தெரிவில் எங்களுக்கு ஐந்தாவது முறை.

அந்த வருடம் பொதுவில் ஒரு பெடியன் வந்தான். பதினெட்டு வயது. தாய் மன்னார், தகப்பனின் ஊருக்குக் கழகம் இல்லை. சின்ன வயதிலிருந்து ஒரு ஜேர்மன் கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்தவன். பெரியவர்களின் அணிக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் அவனை விட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் ஒரு உள்ளரங்கப் போட்டியில் அவனைப் பார்த்தேன். நடுக்களத்தில் நிற்பான். பந்து வருமுன் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடுவான். பந்து காலுக்கு வந்த பிறகு ஒருவரையும் பார்க்கமாட்டான், ஆனால் பந்து சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் அணியில் ஓடுகிறவன் இருந்தான், அடிக்கிறவன் இருந்தான், மறிக்கிறவன் இருந்தான். இப்படி ஒருவன்தான் இல்லை.

“குவாட்டர்பேக்!” என்று பொருளாளர் துள்ளினார். “மச்சான் சொல்லுறவன். பந்து முழுக்க அவன்ரை கையாலைதான் போகும். அவன் நல்லவனெண்டா மற்றவை சும்மா நிண்டாலும் காணும். அப்பிடி ஒரு புதுப் பெடியனுக்காக அங்கை அரை ரீமையே குடுக்கிறாங்களாம்.”

நான் விளையாட்டாக எடுக்கவில்லை. பல்கலைக்கழகக் கணினி அறையில் இருந்து, எனக்குச் சம்பந்தமில்லாத அந்த விளையாட்டைப் பற்றி வாசித்தேன். புதுப் பெடியனுக்காக எல்லாவற்றையும் கொடுத்து எழும்பிய அணிகளும் இருந்தன, விழுந்த அணிகளும் இருந்தன. எழும்பியவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

முதல் முறை, கடைசியாக வந்த கழகத்துக்கு. தலைவர் அவர்களோடு கதைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரைத் தந்தால் இடத்தை மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கழகக் கூட்டத்துக்கு முன் எனக்குத் தொலைபேசியில் எடுத்தார்.

“எஞ்சினியர், ஞாயிற்றுக்கிழமை நீர் ஒருக்கா இதை எடுத்துச் சொல்லும். நான் சொன்னா எங்கடை பெடியள் சண்டைக்கு வருவாங்கள். நீர் படிச்ச பிள்ளை. நீர் சொன்னா விளங்கும்.”

அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரயிலில் போகும்போதெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்தேன்.

கூட்டம் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மேசையில் றோல்ஸ், சோடா. நான் எழுந்து நின்றேன். ஐந்தாவதாக எடுக்கும்போது மிஞ்சி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான், அந்த முறையை வைத்திருந்து ஒரு பிரயோசனமும் இல்லை என்றேன். இரண்டாவதாக வருவதற்கு எங்களிடம் ஆள் இருக்கிறது, முதலாவதாக வருவதற்குத்தான் இல்லை என்றேன். நாங்கள் கொடுக்கும் ஆட்கள் நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் அவர்களுடைய நல்ல காலம் பின்னுக்கு, பெடியனுடையது முன்னுக்கு என்றேன். அப்படிச் சொல்லும்போது என் கண் கோல் கீப்பரின் பக்கம் போனது உண்மை. அவர் நாற்பதை நெருங்கியவர், மன்னார்க்காரர், ஒரு பேக்கரியில் வேலை, பொதுவில் வந்தவர். கொடுப்பதென்றால் அவரைத்தான் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கும் தெரியும். றோல்ஸை மென்றுகொண்டே கையை உயர்த்தினார்.

“தம்பி வடிவாக் கதைக்கிறார். ஆனா அந்தப் பெடியன் நிக்கமாட்டான். ஒரு ஜேர்மன் கிளப் விசிலடிச்சா ஓடிப்போவான். பிறகு நீங்கள் வாசலிலை நிண்டு கை காட்ட வேண்டியதுதான்.”

“அண்ணை, வேண்டாமெண்டு விட்டவங்கள் திரும்பக் கூப்பிடுவாங்களோ?”

“நேற்றையான் பாணை எங்கடை பேக்கரியிலை இண்டைக்கு அரை விலைக்கு விக்கிறம். ஒரு பாணும் மிஞ்சிறேல்லை. வேண்டாமெண்டு விட்டது எண்டு உலகத்திலை ஒண்டும் இல்லைத் தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒருவர், “ஒருத்தனுக்கு ரெண்டு பேரோ? கலியாணப் பேச்சு மாதிரியெல்லோ கிடக்கு. மாப்பிள்ளை ஒண்டு, சீதனம் ரெண்டு!” என்றார். இன்னும் சிரிப்பு. நான் சிரிக்காமல் நின்று பதில் சொன்னேன். பெடியன் போனாலும் போகலாம், ஆனால் போகக்கூடும் என்று பயந்து நல்லவனை எடுக்காமல் விட்டால் எப்போதும் இரண்டாவதுதான் என்றேன். ‘எப்போதும் இரண்டாவது’ என்பது அவர்களைத் தைத்துவிட்டது. கைகள் உயர்ந்தன. கோல் கீப்பரைத் தவிர எல்லோரும்.

“அப்ப சரி” என்றார் தலைவர். “அவையள் கேட்டது கோலியையும் லெஃப்ட் பக்கையும்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்களிடம் வேறொரு லெஃப்ட் பக் இருக்கிறானா என்று ஒரு கணம் யோசித்தேன்.

“லெஃப்ட் பக் நானெல்லோ?”

ஒருவர் சிரித்து நிறுத்தினார். தலைவர் என்னைப் பார்க்காமல், மிகவும் அன்பாகத்தான் பேசினார்.

“நீர் எங்கடை பெடியன்தான், ஆர் இல்லையெண்டது? ஆனா முறைப்படி பாத்தா நீர் பொதுவிலைதானே வாறீர்.”

“நான் அங்கைதானே பிறந்தனான்?”

“பிறந்தது சரி…” பொருளாளர் சோடாப் போத்தலின் லேபிளைக் கீறிக்கொண்டிருந்தார். “ஊர் எண்டுறது கோயிலடியிலையிருந்து மைதானம் வரைக்கும். உங்கடை வீடு மைதானத்துக்கு அங்காலையெல்லே. அந்தப் பக்கத்திலை கழகத்துக்கு ஒருநாளும் ஆள் எடுக்கிறேல்லை.”

“ஏழு வருசமா விளையாடிறனே!”

“அதைத்தான் தம்பி நாங்களும் சொல்லுறம்” என்றார் தலைவர். “அங்கையெண்டா நடக்குமோ? இஞ்சை எண்டபடியாத்தானே சேத்தனாங்கள்.”

நான் சுற்றிப் பார்த்தேன். அப்பாவின் பிளாஸ்க் ரீயைக் குடித்து வளர்ந்த பெடியள், என்னோடு ஓடி விழுந்து எழும்பியவர்கள். சிலருக்கு விசயம் விளங்கவில்லை, இங்கே பிறந்தவர்கள். விளங்கியவர்கள் றோல்ஸைப் பார்த்தார்கள். நான் அவ்வளவு விபரமாக எடுத்துச் சொன்ன நியாயங்கள் எல்லாம் அந்த மண்டபத்தில் இன்னும் நின்றன. அவற்றில் ஒன்றையும் என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. எல்லாம் சரியான நியாயங்கள்.

கோல் கீப்பர்தான் எழும்பினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளில் தட்டினார்.

“வா தம்பி. கட்டிலையும் அலுமாரியையும் வித்துப்போட்டினம். நாங்கள் ஏன் இனி வீட்டுக்காறரோடை இருப்பான்?”

தலைவர் வேண்டுமென்றே என்னைப் பேச வைத்தாரா என்று வெகுநாள் யோசித்தேன். அந்தக் கழகம் என்னைக் கேட்டிருப்பது அவருக்குத் தொலைபேசி எடுக்கும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் எடுத்துச் சொல்லும் என்றார். சூழ்ச்சி என்றால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்கு நோகும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். மண்வெட்டியைக் கடன் கொடுக்கும்போது மண்வெட்டியிடம் யார் கேட்கிறார்கள்?

வீட்டில் சொன்னபோது அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். துவட்டும் கை நின்றது.

“ஜேர்சியையும் குடுக்க வேணுமோ?”

“ஓம்.”

“அவையளுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்றுவிட்டு மறுபடி துவட்டத் தொடங்கினார். தலை எப்போதோ காய்ந்திருந்தது. அம்மா ஜேர்சியைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, கடையில் விற்பதைப் போல கையை உள்ளே மடித்துத் தந்தா. அதை அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குப் போக ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கிழமை கழித்துப் பொருளாளரின் தொலைபேசி. “எஞ்சினியர், மைதானத்துக்கு அன்ட்றாக் எழுத வேணும். நகரசபையிலை டெர்மினும் கிடக்கு, நாள் குறிச்சுத் தந்திட்டாங்கள். ஒருக்கா வந்திட்டுப் போவீரோ?” நான் ‘முடியாது’ என்று சொல்ல வாயெடுத்தபோது எதிரே அப்பா இருந்தார். யாரென்று கண்ணால் கேட்டார். ஊர் ஆட்கள் என்று விளங்கியதும் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். நகரசபைக்கும் போனேன்.

புதிய கழகத்தில் எங்களை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஊருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதனால் ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. பச்சை ஜேர்சி. கோல் கீப்பர் தன் பழைய காரில் என்னை ரயிலடியில் ஏற்றிக்கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் கார்க் கதவைத் திறந்துவிட்டு, “சீதனம் ரெண்டும் ஏறியாச்சோ?” என்பார். அவருக்கு அது பகிடிதான். “எனக்கு அவங்கள் ஒருநாளும் ஊர்ப் பெடியன் எண்டு சொன்னதில்லைத் தம்பி. அதாலை எனக்கு நோகேல்லை. உனக்குத்தான் சொல்லிக் கெடுத்துப்போட்டாங்கள்.”

எங்களுக்கும் பழைய கழகத்துக்குமான ஆட்டம் வைகாசியில் வந்தது. பெடியன் நான் சொன்னதைவிட நன்றாக விளையாடினான். பந்து வருமுன் அவன் தலை இரண்டு பக்கமும் திரும்பும்போதே நான் ஒரு அடி பின்னுக்கு வைத்துவிடுவேன். என் பக்கத்தால், நான் ஏழு வருடம் ஒருவனையும் விடாத அந்தப் பக்கத்தால், இரண்டு கோலுக்குப் பந்து போட்டான். இரண்டாவது போனபோது கோல் கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு கத்தினார்: “எஞ்சினியர்! உம்மடை பேச்சு வடிவா வேலை செய்யுது!”

இடைவேளையில் பெடியன் என்னிடம் வந்தான். நல்ல பெடியன். இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழ்.

“அண்ணா, நீங்க முந்தி எங்கட ரீம்தானாம். ஏன் மாறினீங்க?”

“உனக்காகத்தான்.”

“எஹ்ட்?” உண்மையாகவா என்று ஜேர்மனில் கேட்டுவிட்டுச் சிரித்தான். நான் பகிடி விடுவதாக நினைத்து என் கையில் தட்டிவிட்டு ஓடினான். அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று அப்பா எந்தப் பக்கம் இருப்பதென்று தெரியாமல் பிளாஸ்க்கோடு கோலுக்குப் பின்னால் போய் நின்றார். வழக்கமாகப் பந்து பொறுக்கப் போகிறவர்கள் நிற்கும் இடம். நீலம் கோல் அடித்தபோது அவருடைய கைகள் தட்டுவதற்கு எழும்பி, பாதியில் நின்றன. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பிறகு நடந்தது கோல் கீப்பர் சொன்னபடியேதான். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போய்வந்த கையோடு பெடியனுக்கு ஒரு ஜேர்மன் கழகம் ஆள் அனுப்பியது. வேறு எங்கும் விளையாடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீலம் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்த நேரம். அவன் தலைவருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். நான் அவனாக இருந்தாலும் போயிருப்பேன். போதாததற்கு எனக்குப் பதிலாகப் போட்டிருந்த லெஃப்ட் பக்குக்கு முழங்கால் திரும்பிவிட்டது. பச்சை ஏற்கெனவே தோற்று வெளியேறியிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரே நகரத்தில் அத்தனை வருடம் இருந்தும் எங்கள் வாசற்படி ஏறியது அதுதான் முதல்முறை. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் சோஃபாவில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு அறைக்குள் ஓடினார், திரும்பி வந்தார், நின்றார்.

“இருங்கோ, இருங்கோ.” தலைவர் அப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அப்பாவுக்கு அவர் ‘நீங்கள்’. அவருக்கு அப்பா ‘நீர்’. அதுவும் இங்கே வந்த பிறகு கிடைத்த மரியாதைதான்.

“உம்மடை மகனைக் கேட்டு வந்தனான்” என்றார் அப்பாவிடம், நான் முன்னால் இருக்க. “பச்சைக்காறரோடை கதைச்சிட்டன். அவையளுக்குப் பிரச்சினையில்லை. எங்கடை ஊர்ப் பெடியன்தானே, நாளைக்கு எங்களோடை நிக்க வேணும்.” ஒரு பையிலிருந்து நீல ஜேர்சியை எடுத்து மேசையில் வைத்தார். அம்மா மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது, கைகள் உள்ளே மடித்தபடி. மாசக்கணக்காக ஒருவரும் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“எந்த ஊர்ப் பெடியன்?” என்று கேட்டேன்.

“தம்பி, அதுகளை இப்ப கதையாதையும்.”

“மைதானத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?”

“டேய்” என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மா ரீ கொண்டுவந்து தலைவருக்கு முன்னால் வைத்தா. விருந்தாட்களுக்கென்று கண்ணாடி அலுமாரியில் இருக்கும், நாங்கள் ஒருநாளும் எடுக்காத கோப்பை. தலைவரின் கை தன்பாட்டில் நெஞ்சுவரை எழும்பியது. “இப்பதான் குடிச்…” என்று தொடங்கினார். அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை விளங்கியது. ஏழு வருடமாக மைதானம் மைதானமாகக் கேட்ட வார்த்தை. எல்லோரும் ஏன் எப்போதும் அப்போதுதான் குடித்திருந்தார்கள் என்பது என் வீட்டுச் சோஃபாவில் இருந்துகொண்டு விளங்கியது. அப்பாவுக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு ஆட்டத்திலும் நீட்டியிருக்கிறார்.

அப்பா, “ரீ ஆறுது” என்றார். கோப்பையைப் பார்த்தபடி, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் “ரீ ஆறுதெல்லே” என்றார்.

தலைவர் அப்பாவைப் பார்த்தார், மேசையில் இருந்த ஜேர்சியைப் பார்த்தார். கோப்பையை எடுத்தார். கசப்பு மருந்து குடிப்பவரைப் போல மூச்சை விடாமல் பாதியைக் குடித்து வைத்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அப்பா நெடுநேரம் கழித்துத் தண்ணீருக்கு வெளியே வந்தவர் போல மூச்சு விட்டார்.

“பெடியன் வருவான்” என்றார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. போனமுறை ஒரு நல்ல ஆட்டக்காரனுக்காகவாவது கொடுத்தார்கள். நான் அப்பாவோடு சண்டை பிடித்திருக்கலாம். தலைவர் போன பிறகு அவர் அந்தப் பாதிக் கோப்பையை உடனே கழுவ விடாமல், மேசையிலேயே வைத்துவிட்டு அதற்கு எதிரே கொஞ்ச நேரம் இருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை.

அடுத்த நாள் விளையாடினேன். நாங்கள் வென்றோம். பெனால்டியில், ஒரு கோலால். என் பக்கத்தால் ஒருவனும் போகவில்லை. கோல் கீப்பர் பார்வையாளர் பக்கத்தில் நின்று, “சீதனத்திலை பாதியைத் திருப்பி வாங்கிப்போட்டாங்கள்!” என்று கத்தினது கேட்டது. தலைவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். “எங்கடை பெடியன்! எங்கடை பெடியன்!” என்று மற்றக் கழகக்காரர்களுக்குக் காட்டினார். கிண்ணத்தோடு படம் எடுத்தார்கள். ஊர்ப் பெயர் நெஞ்சில் நன்றாகத் தெரிய நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

படம் எடுத்து முடியும்வரை அப்பா பிளாஸ்க்கோடு காத்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கூட்டம் கொஞ்சம் விலகியதும் ஒரு காகிதக் கோப்பையை நிறைய ஊற்றி, மற்றப் பெடியளுக்குக் கொடுக்காமல், நேராகத் தலைவரிடம் கொண்டுபோனார். தலைவரைச் சுற்றி மற்ற ஐந்து ஊர்களின் தலைவர்களும் நின்றார்கள். அப்பா நீட்டினார். அவருடைய முகம் நேற்றுப் பின்னேரம் மாதிரியே இருந்தது.

தலைவர் தன்னைச் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

“இப்பதான் குடிச்சனான்.”

அப்பா தலையாட்டினார். கோப்பையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.